தெருப்பூனையை எடுக்கலாமா, விடலாமா? கேள்வி பதில்

மேடவாக்கம்: அபார்ட்மெண்ட் மோட்டார் ரூமில் மூணு குட்டி கிடக்கு. கண்ணே திறக்கல. காலையிலிருந்து தாயைக் காணோம். எடுத்துட்டு வந்துடவா அக்கா?

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கிட்டப் போய் ஒரே ஒரு தடவை பாருங்கள். வயிறு உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் பால் குடித்திருக்கின்றன என்று அர்த்தம். இரை தேடிப் போன தாய் திரும்ப நாலைந்து மணி நேரம்கூட ஆகும். நீங்கள் வாசலில் நிற்கும்வரை அது உள்ளே வராது. கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விடுங்கள். வந்து போனதா என்று தெரிய, குட்டிகளுக்கு மூன்றடி தள்ளிச் சுற்றிலும் கல் கோலமாவை மெல்லிசாகத் தூவுங்கள், கால்தடம் விழும். அரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும்.

விடாமல் கத்துகிறது, வயிறு ஒட்டியிருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது: இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் எடுங்கள். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். ஆனால் ஆள் மாற்றி ஆள் போய் எட்டிப் பார்த்தால் அது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் மிச்சம் கிடப்பதைத் தூக்கிவந்தால், தாய் உள்ள குட்டியை அநாதை ஆக்கிவிடுவீர்கள்.

திருச்சி: நிஜமாகவே தாய் இல்லை. ரெண்டு நாள் பார்த்தாச்சு, உடம்பு சில்லுன்னு இருக்கு. என்ன கொடுக்கறது?

முதலில் எதுவுமே கொடுக்காதீர்கள். சூடு ஏற்றுங்கள். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் வராது. அந்த நிலையில் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போய்விடும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் ஒரு பாதிக்கு மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். வாய்க்குள் விரல் நுனியை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதன்பிறகுதான் உணவு.

பெட் ஷாப்பில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் கிடைக்கும். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் போகாதீர்கள், முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. குட்டி குப்புறப் படுத்த நிலையில் குடிக்க வேண்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடித்தால் புரையேறும். மூக்கு வழியே பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு வேளையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்தால்தான் மூத்திரம் போகும், தானாகப் போக மூன்று வாரமாவது ஆகும். சமையல் தராசில் தினமும் எடை பாருங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

ஈரோடு: பாக்கெட் பால் போதாதா?

போதாது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காமல் கழியும். இந்த வயதில் ஒரு நாள் கழிச்சலே உயிரை எடுக்கும்.

கும்பகோணம்: பாலில் பாதி தண்ணி கலந்தா?

லாக்டோஸ் குறையும், கூடவே புரதமும் கொழுப்பும் குறையும். பசும்பால் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

கோவை: பெரிய பூனை ஒன்று ரெண்டு நாளாகக் கதவிலேயே உட்கார்ந்திருக்கு. மடியில் ஏறுது. வளர்க்கலாமா?

மடியில் ஏறினால் யாரோ வளர்த்த பூனையாக இருக்கலாம். காகிதப் பட்டையில் "இது உங்கள் பூனையா?" என்று எழுதி, போன் நம்பர் போட்டு, கழுத்தில் தளர்வாகச் சுற்றி செலோடேப்பில் ஒட்டுங்கள். எங்காவது மாட்டினால் கிழிந்துவிட வேண்டும், அதனால் கயிறு கட்டாதீர்கள். இடது காதின் நுனி நேராக வெட்டியிருந்தால் கருத்தடை ஆன தெருப்பூனை. அதைத் தேடிச் சாப்பாடு வைக்க அங்கே யாரோ இருக்கலாம்.

மதுரை: எங்க தெருவில் ஆறு பூனை. மாடித்தொட்டியெல்லாம் நாசம். சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுடலாம்னு அசோசியேஷனில் முடிவு. அங்க சாப்பாட்டுக்குக் குறைவில்லையே?

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஆறில் ஒன்று பால் கொடுக்கும் தாயாக இருந்தால், அதன் குட்டிகள் உங்கள் கட்டடத்திலேயே எங்கோ ஒளிந்திருக்கும். தாயைக் கொண்டுபோய் விட்டால் அவை பட்டினியில் சாகும். நாற்றம் அடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

ராயபுரம்: மார்க்கெட் பக்கத்தில்தான் எங்க வீடு. ஊரே இங்க கொண்டுவந்து கொட்டினா நாங்க எங்க போறது? புதுசா வர்றதுல பாதி ரோட்டிலேயே அடிபட்டுச் சாகுது.

மதுரை: அப்ப நாங்க மட்டும் சகிச்சுக்கணுமா?

சகிக்கச் சொல்லவில்லை. மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதிதாக வருவதைக் கடித்து விரட்டும். அது பழைய இடம் தேடி ரோட்டைக் கடக்கும். ராயபுரத்துக்காரர் சொல்வது அதைத்தான். இங்கே குப்பைத்தொட்டி திறந்தே கிடந்தால் காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வரும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதும், வதைபடும்படி எடுத்துப்போவதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்.

அசோசியேஷன் காசைக் கருத்தடைக்குச் செலவழியுங்கள். பெண் பூனை நான்கு மாத வயதிலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் ஈனும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும். ஆபரேஷனுக்கு டாக்டரிடம் தேதி வாங்கிக்கொண்டு, பொறி வைத்துப் பிடிப்பதற்கு முந்தின நாள் தெருவில் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்துங்கள். ஒரு வீடு வைத்தாலும் பொறியில் ஏறாது. பொறியின் கோடியில் நெத்திலிக் கருவாடு, கதவு விழுந்ததும் மேலே போர்வை. இருட்டானால் முட்டி மோதாது. தொட்டி மண்மேல் கூழாங்கல்லை நெருக்கமாகப் பரப்புங்கள், தோண்ட முடியாது.

சேலம்: குட்டி லேசா பிராண்டிடுச்சு. ரத்தம் வரல.

உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ரேபிஸ் ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும்.

வேலூர்: மனைவி கர்ப்பம். பூனையைத் துரத்தணும்னு அம்மா சொல்றாங்க.

தேவையில்லை. கருவைப் பாதிக்கக்கூடிய, மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மணல்தட்டை நீங்கள் தினமும் சுத்தம் செய்யுங்கள், மனைவி தொட வேண்டாம். வேகாத கறியிலும் அது வரும், நன்றாக வேகவையுங்கள்.

தஞ்சாவூர்: நாங்க சைவம். பால்சோறு, தயிர்சாதம் போட்டு வளர்க்கலாமா?

முடியாது. பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது சோற்றில் இல்லை. நாளடைவில் பார்வை போகும், இதயம் வீங்கும். கடையில் விற்கும் பூனை உணவு வாங்க மனம் இருந்தால் வளருங்கள், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள். பால்: ஈரோடு பதில்.

நெல்லை: உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. வீட்டில் நாய்க்கு விடும் சொட்டு மருந்து இருக்கு. காய்ச்சலும் அடிக்குது, கால் மாத்திரை பாரசிட்டமால்?

இரண்டும் கூடாது. நாய் மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். பாரசிட்டமால் சிறு துண்டே பூனையைக் கொல்லும். பேன் சீப்பால் வாரி, சீப்பில் வரும் பூச்சியைச் சோப்புத்தண்ணீரில் முக்குங்கள். காய்ச்சலுக்கு கால்நடை மருத்துவர்தான்.

ஓசூர்: கண்ணில் பீளை. என்ன சொட்டு மருந்து?

பார்க்காமல் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டுங்கள். மனுஷக் கண் மருந்து விடாதீர்கள்.

பல்லாவரம்: ஸ்கூட்டர் அடியில் குட்டி. எடுத்துடவா?

மேடவாக்கம் பதிலைப் படியுங்கள். வண்டியை எடுக்கும் முன் சீட்டில் தட்டுங்கள்.

திண்டுக்கல்: வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்கு. புதுசை எப்போ சேர்க்கலாம்?

14 நாள் தனி அறை, தனித் தட்டு, தனி மணல். பூனைப் பார்வோ என்ற வைரஸ் செருப்பிலும் துணியிலும் வரும், தரையில் மாதக்கணக்கில் இருக்கும், டெட்டாலுக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறட்டும். குட்டிக்குத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் ஆரம்பித்து 16 வாரம் வரை.

மதுரை: சரி அக்கா, பொறி வாடகைக்குக் கேட்டிருக்கோம். கடுவனுக்கும் ஆபரேஷன் வேணுமா?

வேண்டும், சண்டையும் மூத்திர நாற்றமும் குறையும். ஆனால் காசு மூன்றுக்குத்தான் என்றால் மூன்றும் பெண்ணாக இருக்கட்டும். மூன்று நிறம் கலந்தது அநேகமாகப் பெண்தான். காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து சிவந்திருந்தால் பால் கொடுக்கும் தாய். குட்டிகளைக் கண்டுபிடிக்காமல் அதைப் பிடிக்காதீர்கள்.