ரீஃப் டேங்க்ல கார்டினல் மீன்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ரீஃப் டேங்க்னா கோரல் (பவளம்) வளர்க்கற கடல்தண்ணி தொட்டி, அதுல கார்டினல் மீன் வளர்க்கறது பத்தி வந்த எல்லாருடைய கேள்வியும் படிச்சுட்டேன், ஒண்ணொண்ணா வரேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். கார்டினல் அமைதியான மீன்னு எல்லாரும் வாங்கறோம், சரிதான், ஆனா அமைதியான மீனுக்கு ஒரு கஷ்டம் இருக்கு, அது சாப்பாட்டுக்கு முந்தாது, அடிச்சா திருப்பி அடிக்காது, ஓரமா ஒதுங்கி நின்னே மெலிஞ்சு போயிடும், நமக்கு லேட்டாதான் தெரியும். கீழ வர்ற பாதி கேள்விக்கு அதுதான் பதில்.

கேள்வி: அக்கா, என்கிட்ட 120 லிட்டர் ரீஃப் டேங்க் இருக்கு, ஓடி ஆறு மாசம் ஆச்சு, ஒரு ஜோடி க்ளவுன் மீன் மட்டும்தான். கார்டினல்ல பாங்காய் வகை போடலாமா, பைஜாமா வகை போடலாமா?

பாங்காய் ஒரு ஜோடி போடுங்க தம்பி. ரெண்டுமே 8 சென்டிமீட்டர் கிட்டதான் வளரும், ஆனா பைஜாமா கூட்டமா இருந்தாதான் நல்லா இருக்கும், அஞ்சாறு வேணும், அதுக்கு 200 லிட்டராவது இருக்கணும். அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் ஜீரோ, சேலினிட்டி (உப்பு அளவு) 1.025, டெம்பரேச்சர் 25, 26 டிகிரில ஆடாம நின்னா போதும், இதுக்குன்னு தனியா ஒரு நம்பரும் தேவையில்ல. க்ளவுன் எந்த மூலைய பிடிச்சிருக்குன்னு பார்த்துக்கோங்க, அதுக்கு எதிர்மூலைல கிளை கிளையா இருக்கற கோரலோ கல்லோ வெச்சு நிழல் உண்டாக்குங்க, பம்ப் தண்ணி ஓட்டம் நேரா அங்க அடிக்கக்கூடாது.

கேள்வி: நாலு பாங்காய் குட்டியா வாங்கினேன். அஞ்சு மாசம் ஒண்ணாவே சுத்திட்டு இருந்துச்சு. இப்ப ரெண்டு சேர்ந்துகிட்டு மத்த ரெண்டையும் விரட்டுது, அதுல ஒண்ணு வால் கிழிஞ்சு மேல் மூலைல ஹீட்டர் பின்னாடியே நிக்குது. அமைதியான மீன்னுதானே சொன்னாங்க?

அந்த மேல் மூலைல நிக்கற மீன இன்னிக்கே எடுங்க, மீதிய அப்புறம் படிங்க. சம்ப்ல (டேங்க் கீழ வைக்கற ஃபில்டர் தொட்டி) இடம் இருந்தா அங்க விடுங்க, இல்லன்னா ஓட்ட போட்ட அக்ரிலிக் பெட்டிய டேங்க்குள்ளயே தொங்கவிட்டு அதுல விடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். பாங்காய் மத்த இன மீன்கிட்டதான் அமைதி. அதோட சொந்த இனத்துக்குள்ள, குட்டியா இருக்கற வரைக்கும் கூட்டம், பெருசாகி ஜோடி சேர்ந்துட்டா அந்த ஜோடிக்கு இடம் வேணும், மிச்சம் இருக்கறதெல்லாம் அதுக்கு எதிரி. கடல்ல தோத்தது ஒளிஞ்சுக்க வேற அர்ச்சின் (முள்ளு முள்ளா இருக்கற கடல் உயிரி) பக்கம் போயிடும், கண்ணாடி பெட்டில எங்க போகும்? ஒவ்வொண்ணா ஓரம் கட்டி, சாப்பிட விடாம, கடைசில ஒரு ஜோடிதான் மிஞ்சும், இது சின்ன டேங்க்ல திரும்ப திரும்ப நடக்கறதுதான். அதனால குட்டியா நாலஞ்சு வாங்கி ஜோடி சேர விடறது நல்ல வழிதான், ஆனா மிச்சத்த யாருக்கு குடுக்கறதுன்னு வாங்கறப்பவே முடிவு பண்ணிடணும். பெரிய பாங்காய்ங்க ரெண்ட எதோ ஒரு டேங்க்ல ஒண்ணா நிக்கறத பார்த்து, அந்த ரெண்டையே சேர்த்து வாங்கறது இன்னும் நல்லது.

கேள்வி: ஆண் பெண் எப்படி கண்டுபிடிக்கறது?

வெளிய பார்த்து உறுதியா சொல்ல முடியாது. துடுப்பு நீளம் வெச்சு சொல்றத நம்பாதீங்க. ஆணோட கீழ்தாடை கொஞ்சம் அகலமா சதுரமா இருக்கும், அதுவும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தாதான். ரெண்டு மீன் சேர்ந்தே நின்னு, ஒண்ணு இன்னொண்ண ஒட்டிகிட்டு உடம்ப நடுக்குச்சுன்னா ஜோடி சேர்ந்துடுச்சுன்னு எடுத்துக்கலாம்.

கேள்வி: மேடம், என் பைஜாமா மீனுங்க பகல் முழுக்க ஒரே இடத்துல அசையாம நிக்குது. சாப்பாடு போட்டாலும் ரெண்டு கடி கடிச்சுட்டு திரும்ப அதே இடம். உடம்பு சரியில்லையா?

நல்லா இருக்கு சார், பயப்படாதீங்க. அந்த பெரிய கண்ண பாருங்க, ராத்திரி வேட்டையாடற மீனோட கண்ணு அது. கடல்ல பகல் பூரா பவளக்கிளைக்குள்ள கூட்டமா நின்னுட்டு, இருட்டினதும் பிரிஞ்சு தனித்தனியா போய் தண்ணில மிதக்கற சின்ன சின்ன உயிர பிடிச்சு தின்னும். நீங்க மத்தியானம் சாப்பாடு போட்டா தூங்கறவன எழுப்பி சாப்பிட சொல்ற மாதிரிதான்.

ஒரு நாள் லைட் அணைஞ்சு அரை மணி கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சு பாருங்க, சிவப்பு வெளிச்சம் அதுங்க கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. பகல்ல ஒட்டிகிட்டு நின்ன கூட்டம் அப்ப ஒண்ணொண்ணா கழண்டு வந்திருக்கும், ஒண்ணு கண்ணாடி ஓரமா, ஒண்ணு பாறை மேல, துடுப்பெல்லாம் விரிச்சு தண்ணி நடுவுல நின்னு தலைய மட்டும் திருப்பி திருப்பி டபக்குனு எதையோ கவ்வும். அந்த நேரத்துல கொஞ்சம் மைசிஸ் (சின்ன இறால் மாதிரி இருக்கற தீனி) விட்டு பாருங்க, பகல்ல பார்த்த மீனா இதுன்னு இருக்கும். அதனால தினமும் ஒரு வேளை சாப்பாட்ட லைட் மங்கற நேரத்துக்கு மாத்துங்க, டாங், ராஸ் மாதிரி வேகமா திங்கற மீனுங்க ஒதுங்கற நேரமும் அதுதான், இதுங்களுக்கு பங்கு கிடைக்கும்.

அசையாம நிக்கறது வேற, நோய் வேற. மூச்சு வேகமா வாங்குது, தலைக்கு பின்னாடி முதுகு ஒட்டிப்போய் கத்தி மாதிரி தெரியுது, கூட்டத்த விட்டு தனியா நிக்குது, இதுல எது இருந்தாலும் கவலைப்படணும்.

கேள்வி: பெல்லட் (உருண்டை தீனி) திங்கவே மாட்டேங்குது.

முதல்ல ஃப்ரோசன் மைசிஸ் குடுங்க, அதுவும் வேணாம்னா உயிரோட ப்ரைன் ஷ்ரிம்ப் (உப்புத்தண்ணில வாழற, பொடி இறால் மாதிரி உயிரி). நல்லா பிடிச்சு திங்க ஆரம்பிச்சப்புறம் மைசிஸ்ஸோட ஊறவெச்ச சின்ன பெல்லட் கலந்து விடுங்க. தண்ணி ஓட்டத்துல மிதந்து வர்றதத்தான் கவ்வும், மணல்ல விழுந்தத தேடிப்போய் திங்காது. டேங்க்லயே வளர்த்த குட்டிங்கன்னா இந்த தொல்லையே பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: அக்கா அவசரம். ஒரு பாங்காய்க்கு தொண்டை வீங்கி இருக்கு, வாய் முழுசா மூடல, மூணு நாளா சாப்பாட தொடல. மருந்து போடணுமா?

ஒரு மருந்தும் போடாதீங்க! அப்பா ஆயிட்டான் உங்க மீனு. கார்டினல் குடும்பத்துல ஆண்தான் முட்டைய வாய்ல வெச்சு அடை காக்கும். பக்கவாட்டுல கிட்ட போய் பாருங்க, கீழ்தாடை பை மாதிரி தொங்கும், தோல் வழியா ஆரஞ்சு கலர்ல உருண்டை உருண்டையா தெரியும், ஒவ்வொண்ணும் 3 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், அப்பப்ப வாய அகலமா திறந்து எல்லாத்தையும் ஒரு புரட்டு புரட்டிட்டு மூடிக்கும், முட்டைக்கெல்லாம் நல்ல தண்ணி கிடைக்க.

20 நாள் கிட்ட முட்டையா இருக்கும், பொரிச்சப்புறமும் பாங்காய் குட்டிய வெளிய விடாது, இன்னும் ஒரு வாரம் பத்து நாள் வாய்லயே வெச்சிருக்கும். மொத்தம் ஏறக்குறைய ஒரு மாசம் பட்டினி. நீங்க செய்ய வேண்டியது ரொம்ப கம்மி, வலைய வெச்சு துரத்தாதீங்க, பாறைய நகர்த்தாதீங்க, பயந்தா முட்டைய துப்பிடும் இல்ல முழுங்கிடும். முதல் தடவ நாலஞ்சு நாள்லயே முழுங்கறதும் சகஜம், வருத்தப்படாதீங்க, அடுத்த தடவ கத்துக்கும். குட்டிய விட்டப்புறம்தான் உங்க வேலை, அந்த அப்பாவுக்கு நல்லா சாப்பாடு போட்டு உடம்ப தேத்துங்க. உடனே உடனே முட்டை வெச்சு ஆண் எலும்பா போயிட்டு இருந்தா பெண்ண கொஞ்ச நாள் பிரிச்சு வைங்க, அவனா வேணாம்னு சொல்ல மாட்டான்.

கேள்வி: குட்டிய காப்பாத்த முடியுமா? வீட்ல சாதாரண டேங்க்தான் இருக்கு.

பாங்காய்ன்னா முடியும். மத்த கடல் மீனோட குஞ்சு தூசி மாதிரி மிதந்து திரியும், அத வளர்க்க தனி கலை வேணும், பைஜாமாவும் அப்படித்தான். பாங்காய்க்கு அந்த கட்டமே கிடையாது, வாய்ல இருந்து வர்றப்பவே ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா, கருப்பு கோடு போட்ட குட்டி பாங்காயாவே வரும். 25 நாள் தாண்டினதும் ஆண மெதுவா ஒரு டப்பால மொண்டு தனி டேங்க்ல விடுங்க, குட்டிங்க வந்ததும் திரும்ப எடுத்துடுங்க, ஏன்னா பெருசுங்களே தின்னுடும்.

அப்பவே பொரிச்ச ப்ரைன் ஷ்ரிம்ப் குட்டிய முதல் நாளே திங்கும். இங்கதான் ஒரு பெரிய தப்பு நடக்கும், வெறும் ப்ரைன் ஷ்ரிம்ப்ல ஒமேகா 3 கொழுப்பு போதாது, அதையே தொடர்ந்து குடுத்தா குட்டி நல்லா இருக்கற மாதிரியே இருக்கும், ஒரு நாள் லைட்ட டக்குனு போட்டா இல்ல தண்ணி மாத்தினா அதிர்ச்சில சுழன்று விழுந்து செத்துடும். அதனால பொரிச்ச ப்ரைன் ஷ்ரிம்ப்புக்கு முதல்ல கொழுப்பு சத்து கலவைய ஊட்டி, அப்புறம் குட்டிக்கு குடுங்க. ஒளிஞ்சு நிக்க கருப்பு ப்ளாஸ்டிக் கேபிள் டைய கொத்தா கட்டி அர்ச்சின் முள்ளு மாதிரி வெச்சுடுங்க, எல்லாம் அதுக்குள்ளயே போய் நிக்கும்.

கேள்வி: காட்டு மீனுக்கும் வளர்ப்பு மீனுக்கும் என்ன பெரிய வித்தியாசம், ரெண்டும் ஒரே மீன்தானே?

பாங்காய் விஷயத்துல உசுரு போற வித்தியாசம். இது இந்தோனேசியால சுலவேசி பக்கம் இருக்கற பாங்காய் தீவுகள்லதான் இயற்கையா இருக்கு. 1933-ல பேர் வெச்சாங்க, 1994-ல மீன் ஆய்வாளர் ஜெரால்ட் ஆலன் திரும்ப கண்டுபிடிச்சு சொன்னதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா இத வளர்க்க ஆரம்பிச்சாங்க. குட்டிங்க மிதந்து வேற தீவுக்கு போகாதில்லையா, அதனால ஒரு இடத்துல எல்லாத்தையும் பிடிச்சுட்டா அங்க திரும்ப வர்றதுக்கு வழியே இல்ல. 2007-ல ஐயூசிஎன்ங்கற உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு அழியற நிலைல இருக்கற இனமா பட்டியல்ல சேர்த்துடுச்சு. முட்டை வெச்சா வீட்டு டேங்க்லயே வளரக்கூடிய மீன கடல்ல போய் வாரிகிட்டு வர்றதுல எனக்கு உடன்பாடே இல்ல, இத எத்தன தடவ வேணாலும் சொல்வேன்.

இன்னொண்ணு, பிடிச்சு அனுப்பற மீன்ல இரிடோவைரஸ்ங்கற வைரஸ் நோய் நிறைய வருது. மீன் கருத்துப்போகும், மந்தமா நிக்கும், வெள்ளையா நூல் மாதிரி கழியும், சில நாள்ல போயிடும், இதுக்கு மருந்து இல்ல. யார் வளர்த்ததுன்னு கேளுங்க, கண்ணெதிர சாப்பாடு போட்டு காட்ட சொல்லுங்க, எதுவா இருந்தாலும் நாலு வாரமாவது தனி டேங்க்ல வெச்சு பார்த்துட்டு மத்த மீனோட சேர்த்து விடுங்க.

கேள்வி: கோரல கடிக்குமா? இறால் இருக்கு, அனிமோன் இருக்கு.

கோரல தொடவே தொடாது. க்ளீனர் ஷ்ரிம்ப் மாதிரி பெருசுக்கு பிரச்சனை இல்ல, வாய்க்குள்ள போற அளவு செக்ஸி ஷ்ரிம்ப் இருந்தா ராத்திரில காணாம போகலாம். கொட்டி பிடிச்சு திங்கற கார்ப்பெட் அனிமோன் இருந்தா வேணாம், சுறுசுறுப்பில்லாத மீன் மாட்டிக்கும்.

கேள்வி: டாட்டிபேக், ஹாக்ஃபிஷ் கூட போடலாமா?

வேணாம், அதுங்க முரட்டு மீனுங்க. கோபி, ஃபயர்ஃபிஷ், ப்ளென்னி, க்ளவுன், இவங்களோட போடுங்க. எப்பவும் கார்டினல முன்னாடியும் முரட்டு மீன கடைசியிலயும் விடணும்.

கேள்வி: உடம்புல வெள்ளை புள்ளி வந்துடுச்சு, டேங்க்லயே காப்பர் மருந்து போட்டா சரியாகுமா?

கோரலும் இறாலும் எல்லாம் செத்துடும், கல்லு காப்பர உறிஞ்சிக்கும், அந்த டேங்க்க திரும்ப ரீஃப்பா நம்பி நடத்த முடியாது. எல்லா மீனையும் வேற டேங்க்குக்கு மாத்தி அங்க வைத்தியம் பண்ணுங்க, காப்பர் போட்டா டெஸ்ட் கிட் இல்லாம போடாதீங்க. ரீஃப் டேங்க் மீனே இல்லாம 76 நாள் ஓடட்டும். வெள்ளை புள்ளிய உண்டாக்கற ஒட்டுண்ணியோட முட்டைக்கூடு 72 நாள் வரைக்கும் தாக்குப்பிடிச்சு பார்த்திருக்காங்க, அதனாலதான் அவ்வளவு நாள். ஒரு மீன்ல மட்டும்தானே புள்ளின்னு மத்தத விட்டுடாதீங்க.

கேள்வி: கார்டினல்னு பேர் இருந்தா எல்லாமே சாதுவா அக்கா? செவுள்லேர்ந்து வால் வரைக்கும் கோடு கோடா ஒண்ணு பார்த்தேன், வாய்ல பல்லு வெளிய தெரிஞ்சுது.

இந்த குடும்பத்துல 300-க்கு மேல இனம் இருக்கு மா, எல்லாம் ஒரே குணம் இல்ல. நீங்க பார்த்தது சைலோடிப்டெரஸ் வகையா இருக்கும், அதுங்க மீன பிடிச்சு திங்கற ஜாதி, பல இனம் நல்லா பெருசாகும், சின்ன கோபியெல்லாம் மிஞ்சாது. கண்ணாடி மாதிரி உடம்பும் நீலக்கண்ணும் இருக்கற சோராமியா வகை இருக்கு பாருங்க, அது ரொம்ப சாது, ஆனா தனியா ஒண்ணு ரெண்டு வாங்காதீங்க, ஏழெட்டாவது சேர்ந்து இருந்தாதான் சாப்பிடவே முன்னாடி வரும், தினமும் ரெண்டு மூணு வேளை கொஞ்சம் கொஞ்சமா போடணும்.