சுவரில் கறுப்புப் புள்ளி: முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. கார்த்திகை மழை தொடங்கியதில் இருந்து படுக்கையறைச் சுவரில், அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. சுவரின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகவும் ஏதோ பூத்திருக்கிறது. ஆறு வயது மகளுக்கு இரவில் வீசிங் வருகிறது. கொழும்பில் இருந்து வந்து காற்றை எடுத்துப் பரிசோதித்து அறிக்கை தருவதற்கு ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. மேசனோ "பங்கஸ் பெயின்ட் ஒன்று அடித்தால் சரி" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மகளின் படுக்கையை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. வீசிங்குக்கு மருத்துவரிடம் போகும்போது, சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

காற்றுப் பரிசோதனைக்கு ஏன் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்? பூஞ்சண வித்திகள் எல்லா வீட்டுக் காற்றிலும், வெளிக் காற்றிலும் இருக்கின்றன. இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட எல்லை எதுவும் கிடையாது. கண்ணுக்கே பூஞ்சணம் தெரியும்போது மாதிரி எடுப்பது பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் நிலைப்பாடும். கறுப்பு, பச்சை, எந்த இனம் என்று அறிக்கையில் வந்தாலும் நீங்கள் செய்யப்போகும் வேலை ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்துவது, பூஞ்சணத்தை அகற்றுவது. மணம் வருகிறது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை என்றால் பரிசோதனையில் கொஞ்சம் பயன் உண்டு. அப்போதும் அதே நாளில் வீட்டுக்கு வெளியேயும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் உள்ளே எடுத்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இனி அந்த வெள்ளைப் பூ. நம் கரையோர வீடுகளில் அது பெரும்பாலும் உப்பு. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைத்திருக்கலாம், சரியாகக் கழுவாத கடல் மணலில் பூசியிருக்கலாம், நிலத்தடியில் இருந்தும் ஏறலாம். கொஞ்சம் சுரண்டி ஒரு துளி தண்ணீரில் போடுங்கள், கரைந்துபோனால் உப்பு. கறுப்புப் புள்ளியின் மேல் ஒரு துளி குளோரின் திரவம் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சணம், அப்படியே இருந்தால் ஊத்தை அல்லது புகை.

உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றில் இருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒழுக்கு எதுவும் இல்லாமலே, மாரிகால இரவுகளில் அந்தச் சுவர் நனைந்தது போல் இருக்கும். ஊசி குத்தி ஈரம் பார்க்கும் மீற்றரும் இங்கே பொய் சொல்லும், ஏனென்றால் அது அளப்பது மின் கடத்தலை. உப்பு இருந்தால் கடத்தல் கூடும். மீற்றரை ஒரு தடவை குத்திவிட்டு "சுவர் முழுக்கத் தண்ணீர்" என்று யாராவது பயமுறுத்தினால், உப்பைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். வந்தவரின் அனுபவம் அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அலுமாரியை இழுத்துவிட்டு, டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் மறைகிற உப்பலும் வெடிப்பும் அப்போது தெரியும். ஈரம் தரையில் இருந்து ஏறி, ஒரு மீற்றர் அளவில் கோடு போட்டதுபோல் நின்றால், நிலத்து ஈரம். அப்படியானால் வெளியே போய் முற்றத்தைப் பாருங்கள். வெள்ளம் வந்த பிறகு மண் போட்டு உயர்த்தினீர்களா, சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தரை போட்டீர்களா? அத்திவாரத்துக்கு மேல் வைத்த ஈரத்தடுப்புப் படையை வெளி மண் மூடிவிட்டால், அந்தப் படை இருந்தும் பயனில்லை. திருகோணமலையில் நான் பார்த்த பழைய வீடுகள் பலவற்றில் கதை இதுதான். உள்ளே என்ன பெயின்ட் அடித்தாலும் வெளி மண்ணை வெட்டி இறக்கும்வரை நிற்காது.

ஈரம் மேலிருந்து இறங்கினால் கூரை, பீலி. நடுச்சுவரில் ஓர் இடத்தில் மட்டும் என்றால் அந்தப் பக்கம் குளியலறையோ பைப்போ இருக்கிறதா பாருங்கள். எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரைக் கவனியுங்கள். முள் சுற்றினால் எங்கேயோ கசிகிறது.

உங்கள் படுக்கையறையில் ஏசி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். வெளியே 30 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசியை 18இல் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து திறந்து போனால், காற்றோட்டம் இல்லாத அலுமாரிப் பின்பக்கம்தான் முதலில் நனையும். ஒரு முழம் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நீர் பொலித்தீனுக்குப் பின்னால் நின்றால் அது சுவருக்குள் இருந்து வருகிறது. முன்பக்கம் நின்றால் அறைக் காற்றில் இருந்து படிந்தது.

இந்தத் தேடலை மழைக்காலத்திலேயே செய்துவிடுங்கள். கச்சான், அதாவது உலர்ந்த தென்மேற்குக் காற்று, வீசத் தொடங்கினால் சுவர் காய்ந்து, உப்பு மட்டும் வெளியே தள்ளும். ஒழுக்கின் தடயம் அழிந்துவிடும். ஆடி, ஆவணியில் வீடு வாங்கப் பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: புதிதாகப் பெயின்ட் அடித்த ஒற்றைச் சுவர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். திருத்த வேலைக்கு மட்டும் அந்த மாதங்கள் நல்லவை.

காரணம் பிடிபடாவிட்டால் ஆள் அழைக்கலாம். கட்டட அனுபவமுள்ள ஒரு பொறியியலாளர் போதும். ஆனால் பரிசோதிப்பவரே மருந்தும் பெயின்டும் விற்பவராக இருக்கக் கூடாது.

துப்புரவாக்குவது சுருக்கமாக: ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடி இடம் என்றால் நீங்களே செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, மின்விசிறி போட்டுக் காயவிடுங்கள். உலர்ந்த தும்புத்தடியால் தட்டாதீர்கள், வித்திகள் அறை முழுக்கப் பறக்கும். குளோரினோடு கழிவறை அசிட்டைக் கலக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும். கூரை அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் அதன் உட்பக்கத்துக் கறையை நீங்கள் தேய்க்க வேண்டாம், நார் உதிரும். இடம் பெரிதாக இருந்தாலும், பூச்சுக்குள் வரை போயிருந்தாலும் பூச்சை உடைத்துத்தான் ஆக வேண்டும். மேசன் சொன்ன பெயின்ட், அந்தப் பொலித்தீன் இரண்டு பக்கமும் காய்ந்து வந்த பிறகு.