முழங்கால் வலிக்கு இடுப்பை ஏன் பார்த்தார் டாக்டர்?

கேள்வி: என் வயது 58. ஒரு வருடமாக வலது முழங்காலில் வலி. படி இறங்கும்போதும், தரையில் உட்கார்ந்து எழும்போதும் அதிகம். மடக்கினால் நறநறவென்று சத்தம். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், இடுப்பைத் திருப்பினார், கைவிரல்களைக்கூடப் பார்த்தார். கடைசியில்தான் எக்ஸ்ரே, அதுவும் நின்றபடி எடுக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறார். இது சரிதானா?

பதில்: சரிதான் அம்மா. அவர் உங்களை நிதானமாகப் பரிசோதித்திருக்கிறார்.

எல்லோரும் இதை 'ஜவ்வு தேய்ஞ்சுபோச்சு' என்பார்கள். ஆனால் அந்த ஜவ்வுக்கு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு, நரம்பே கிடையாது, அதற்கு வலிக்கத் தெரியாது. வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உள்சவ்விலிருந்தும், சுற்றியுள்ள தசைநாரிலிருந்தும் வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் நிறையத் தேய்மானம் இருந்தும் சிலர் நன்றாக நடக்கிறார்கள். கொஞ்சமே தேய்ந்தவர் தவிக்கிறார். எக்ஸ்ரே கவரை நீட்டுகிறவர்களிடம், 'முதலில் காலைக் காட்டுங்கள்' என்றுதான் நான் சொல்வேன்.

நடக்கும்போது கால் வெளிப்பக்கமாக வில்போல் வளைகிறதா, தொடைத்தசை மெலிந்திருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். உள்ளங்கையை முழங்கால் சில்லின் மேல் வைத்து மடக்கி நீட்டினால், அந்த நறநறப்பு கைக்கே தெரியும். நீர் கோத்திருக்கிறதா என்று அறிய, தொடைப்பக்கமிருந்து நீரைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு சில்லை விரலால் அழுத்தித் தட்டுவோம். நிறைய நீர் இருந்தால் சில்லு உள்ளே போய் எலும்பில் 'டக்'கென்று மோதும்.

இடுப்புக்கு வருகிறேன். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகளில் சில ஒன்றேதான். அதனால் இடுப்பில் கோளாறு இருக்க, முழங்கால் வலி என்று வருபவர்கள் உண்டு. காலை உள்பக்கம் திருப்பும்போது வலித்தால் சந்தேகம் இடுப்பின்மேல் போகும். விரல்களும் விஷயம் சொல்லும். நகத்தை ஒட்டிய கணுவில் கெட்டியான முடிச்சு இருந்தால் தேய்மான வாதம். விரல்கள் கையோடு சேரும் முட்டிகள் மெத்தென்று வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம்.

காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டிருப்பார். அரை மணிக்குள் விட்டுவிட்டால் தேய்மானம்தான்; அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், முடக்குவாதமோ என்று பார்க்க அவரே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருப்பார். எக்ஸ்ரேயைப் படுத்தபடி எடுத்தால் மூட்டு இடைவெளி தாராளமாகத் தெரியும். உடல் எடை ஏறும்போதுதான் உண்மையான இடைவெளி தெரியும், அதனால்தான் நின்றபடி.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து முறை. எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் முழங்காலுக்கு ஒவ்வோர் அடியிலும் ஆறுதல். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், சிறுநீரகம் கெடும். வலி குறைக்கும் ஜெல் தடவலாம். மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.