அந்த நாற்காலி பால்கனியில் என்ன செய்கிறது?

கேள்வி: புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பொருட்கள் குறைவாக இருக்க வேண்டும், இருப்பதும் பார்த்துப் பார்த்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். கூடத்தில் தாழ்வான ஒரு சோபா, ஒரு டீப்பாய், ஒரு விளக்கு, அவ்வளவுதான். மாமியாரின் பழைய கைவைத்த நாற்காலி எதோடும் சேராததால் பால்கனியில் இருக்கிறது. அவரும் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறார். இப்போது கூடத்தின் ஒரு மூலை வெறிச்சென்று தெரிகிறது. அங்கே போட, காலத்துக்கும் நிற்கிற மாதிரி ஒரே ஒரு நாற்காலி வாங்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: "அவரும் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறார்." போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஏதோ அவருக்குக் காற்று பிடிக்கும் என்பதுபோல. சோபாத் துணியின் நிறத்துக்கு மட்டும் நான்கு வரி எழுதியிருந்தீர்கள். அதை நான் வெட்டிவிட்டேன்.

ஒரு டேப் எடுத்து, தரையிலிருந்து சோபா மெத்தை வரை அளந்து பாருங்கள். தாழ்வான சோபா என்றால் 35 செ.மீ. இருந்தால் அதிகம். உட்கார்ந்ததும் மெத்தை அமுங்கி இன்னும் இறங்கும், முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். அதிலிருந்து எழ உங்களுக்கே ஓர் உந்து வேண்டும். வயதானவருக்கு யாராவது கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் பிடிம்மா" என்று கேட்கக் கூச்சப்படுகிறவர், தானாக எழ முடிகிற நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய் உட்காருவார். அந்தப் பழைய நாற்காலியையும் அளந்துவிடுங்கள். இருக்கை 45 செ.மீ. பக்கமாக இருக்கும். ஊன்றி எழ இரண்டு பக்கமும் கை வேறு.

எட்டு மாதமாக இது உங்கள் கண்ணில் படவில்லை. சரி, உங்கள் கணவர் அவருடைய மகன்தானே? அவருக்குமா தெரியவில்லை?

பொருளைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. துடைக்க வேண்டியதும் குறையும். ஆனால் பத்து இருக்கை உள்ள வீட்டில் ஒன்று சரியில்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். ஒன்றோ இரண்டோதான் என்றால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது பொருந்தியாக வேண்டும். நீங்கள் கண்ணுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பெரியவர் உட்கார முடியாத கூடத்தை நான் கூடம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மூலைக்கான நாற்காலி பால்கனியில்தான் இருக்கிறது. நனைந்தால் மரம் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அப்படியே மாறி மாறி மூட்டெல்லாம் விட்டுப்போகும். பிரம்பு இருக்கை என்றால் வெயிலில் மொரமொரத்து அறுந்துவிடும். உள்ளே கொண்டுவந்து கவிழ்த்துப் பாருங்கள். கால் சேரும் இடத்தில் துளை போட்டு மரத்திலேயே மரத்தை இறக்கியிருந்தால், தச்சர் அதைக் கழற்றி, பசை வைத்துத் திரும்ப இறுக்கிவிடுவார். பிரம்பையும் புதிதாகப் பின்னலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் இந்த வசதி கிடையாது; திருகு ஒருமுறை பிடி விட்டால் போனதுதான், தண்ணீர் பட்டு ஊதினால் பழைய நிலைக்கு வராது. காலத்துக்கும் நிற்பது என்று நீங்கள் கேட்டது ஏற்கெனவே கையில் இருக்கிறது. நிறம்தான் உறுத்துகிறது என்றால் பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

மூலையில் அதன் அளவுக்குச் செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் நடமாடிப் பாருங்கள். நடக்கிற வழியில் 90 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இடித்தால் டீப்பாயை நகர்த்துங்கள், நாற்காலியை அல்ல. எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதை உங்கள் அத்தையிடம் கேளுங்கள். விளக்கு அதற்குத் தகுந்தாற்போல் வரட்டும்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவது மகனின் வேலை. கைகளைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், தளர்ந்த மூட்டு கழன்றுவிடும். இருக்கைக்குக் கீழே சட்டத்தைப் பிடித்துத் தூக்கட்டும்.