ஹாங்காங்கில் ஆப்பிள் பேரிக்காய் சூப்: புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, ஹாங்காங்ல வந்து இறங்கின கையோட தொண்டை வறண்டு இருமல் விடலைன்னு எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற அம்மா பழமும் கறியும் போட்டுச் சூப் வைக்கச் சொன்னாங்க, எப்படி வைக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. கூடவே வாடகை, கறிவேப்பிலை, இங்கத்த பேச்சுமொழி கான்டனீஸ்னு வேற கேள்விகள். எனக்குச் சூப்தான் முக்கியம்.

முதல்ல எச்சரிக்கை. இந்தச் சூப்புக்கு 'நாம் ஹாங்', 'பாக் ஹாங்'னு ரெண்டு பருப்பு சேர்ப்பாங்க. பாக்கெட்டுல இங்கிலீஷ்ல பாதாம்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க. ரெண்டும் ஆப்ரிகாட் பழத்தோட கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பு. அகலமா, தட்டையா இருக்கிற நாம் ஹாங் இனிப்பு. சின்னதா இருக்கிற பாக் ஹாங் கசப்பு; அதுல இருக்கிற அமிக்டலின்ங்கிற பொருள் வயித்துக்குள்ள போனா சயனைடு விஷம் வெளிவரும். பாதாம்தானேன்னு பச்சையா அள்ளி வாயில போட்டுடாதீங்க. இங்கத்த வீடுகள்ல அளவு தெரிஞ்சு கலந்து, நல்லாக் கொதிக்க வைப்பாங்க. நீங்க இனிப்பான நாம் ஹாங் மட்டும் வாங்குங்க, ஒரு மேசைக்கரண்டி போதும்.

அடுத்து கறிக்கடை. கறிக்கு மேல சிவப்பு விளக்கு தொங்கும். அந்த வெளிச்சத்துல வெளுத்த கறிகூட செக்கச்செவேல்னு தெரியும். சாதாரண வெளிச்சத்துக்குக் கொண்டாந்து பார்த்து வாங்குங்க. விலைப்பலகை கிலோவுக்கு இல்ல, கேட்டிக்கு. ஒரு கேட்டி சுமார் 605 கிராம். பன்றியோட கால் தசை கேளுங்க, எவ்வளவு வெந்தாலும் சக்கையாகாது. பன்றி ஆகாதுன்னா தோல் உரிச்ச அரைக் கோழி.

400 கிராம் கறியைப் பச்சைத் தண்ணியில போட்டு அடுப்பை மூட்டுங்க. கொதி வரும்போது சாம்பல் நிறத்துல நுரை திரண்டு பாத்திர ஓரமெல்லாம் ஒட்டும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுக் கறியைக் கழுவுங்க. இதைச் செய்யலைன்னா சூப் கலங்கி வாடை அடிக்கும். அப்புறம் கழுவின கறியோட புதுசா 2 லிட்டர் தண்ணி, 2 ஆப்பிள், 2 பேரிக்காய். தோலோட நாலா வெட்டி, நடுவுல இருக்கிற விதைப்பகுதியை எடுத்துடுங்க, அது புளிப்பு ஏத்தும். கொட்டை எடுத்த சிவப்பு இலந்தை வத்தல் நாலு, இஞ்சி ரெண்டு வில்லை, முன்னாடி சொன்ன நாம் ஹாங் பருப்பு. ஊறவெச்சு வெள்ளைப்பகுதி சுரண்டின காய்ஞ்ச ஆரஞ்சுத்தோல் ஒரு துண்டு கிடைச்சா ரொம்ப நல்லது. கால் மணி நேரம் பெருந்தீ, அப்புறம் சிறுதீயில ஒன்றரை மணி. நடுவுல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. உப்பு இறக்கும்போதுதான்.

நம்ம ஆளுங்க சிலர் இதுலயும் மிளகு சீரகம் தட்டிப் போடுறாங்க, எனக்குப் பொறுக்கலை. அந்த மெல்லிய இனிப்புதான் இதுக்கு உயிர்.

நான் வந்த புதுசுல இங்க ஷாம் ஷுயி போங்கிற பகுதியில, ஒரே வீட்டைப் பலகை அடிச்சுப் பிரிச்ச அறையில இருந்தேன். வீட்டுக்காரர் கடைசியில முன்பணத்தைத் திருப்பியே தரலை. ஆனா அடுத்த அறைப் பாட்டி அந்தக் குளிர்காலம் பூரா இந்தச் சூப்பை ஃபிளாஸ்க்குல கொண்டாந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பாங்க. சந்தைக் கான்டனீஸ் எனக்கு அவங்க போட்ட பிச்சை. இன்னைக்குக் கறிக்கடைக்காரர் எனக்குன்னு நல்ல துண்டை எடுத்து வைக்கிறார். வருஷக்கணக்கா இங்க இருந்தும் சந்தைக்குள்ள கால் வைக்காம, 'இவங்க சாப்பாடு நமக்கு ஒத்துக்காது'ன்னு பேசுறவங்களைக் கண்டா எனக்கு ஆத்திரமா வரும். புதுசா வர்ற புள்ளைங்களையும் அவங்கதான் பயமுறுத்தி வைக்கிறாங்க.

மத்த கேள்விக்குச் சுருக்கமா: ரசீது இல்லாம முன்பணம் குடுக்காதீங்க. கறிவேப்பிலை சிம் ஷா சுயி பகுதியில இருக்கிற சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்துக் கடைகள்ல கிடைக்கும். இருமல் ரெண்டு வாரம் தாண்டினா சூப்பை நம்பி உட்காராதீங்க, டாக்டரைப் பாருங்க.