கம்போடியக் கூலியும் கடலூர் பஸ்ஸும்

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறேன். பிடித்தம் போக மாதம் கையில் 10,200 ரூபாய். கம்போடியாவில் இதே வேலைக்கு 17,000-க்கு மேல் என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். உண்மையா?
- ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உண்மைதான் அம்மா. 2025-இல் அங்கே ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதக் கூலி 208 டாலர், அதாவது 17,000 ரூபாய்க்கு மேல். ஆனால் மலைத்துப்போகாதீர்கள். அது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. நீங்கள் சொல்வது கைக்கு வந்தது. பி.எஃப்.புக்குப் போகும் 12 சதவீதமும் உங்கள் பணம்தான், சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும் அங்கே தைக்கும் பெண் வாடகை கொடுப்பது கம்போடியத் தலைநகர் புனோம்பென் விலையில். வங்கதேச ஆடைத் தொழிலாளர்களுக்கோ கேட்டதுகூடக் கிடைக்கவில்லை: மாதம் 23,000 டாக்கா (அந்நாட்டுப் பணம்) கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 2023 டிசம்பர் முதல் கிடைத்தது 12,500.

நான் கூலியை மணிக்கு எவ்வளவு என்றுதான் பார்ப்பேன். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் உங்களுக்கு மணிக்கு 49 ரூபாய். முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்து அதையும் சேர்த்தால் 36 கூடத் தேறாது. அந்த ஒரு மணி நேரக் கூலியில் ஒரு கிலோ பொன்னி அரிசி வாங்க முடியாது! கம்போடியக் கணக்கெல்லாம் தெரிந்த உங்கள் மேற்பார்வையாளரிடம், ஓவர்டைமுக்கு இங்கே சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டே, அது எங்கே என்று கேட்டீர்களா?