ஒன்றும் சொல்லாத அந்தப் பெண்

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். முதலாண்டு படிக்கிறேன். எஃப்-1 என்னும் மாணவர் விசா. பல்கலைக்கழக நூலகத்தில் வாரம் 20 மணி நேர வேலை, மாலை 4 முதல் 8 வரை ஷிஃப்ட். மூன்றே காலுக்கு வகுப்பு முடிகிறது. அறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சில நாள் 4.30, 4.40 ஆகிவிடுகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு முந்தைய ஷிஃப்டில் இருக்கும் நேபாளத்துப் பெண் நான் வரும்வரை இருப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் ஒரே ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடுமாம். டிசம்பர் இறுதித் தேர்வு வாரத்திலும் கட்டாயம் வர வேண்டுமாம். நாங்கள் படிக்க வந்தவர்கள்தானே? ஊரில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கடன் வாங்கியிருக்கிறோம். அவரிடம் எப்படிப் பேசிப் புரியவைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: தம்பி, இதே மாதிரிக் கடிதங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் வருகின்றன. எல்லாவற்றிலும் மேற்பார்வையாளர்தான் கொடுமைக்காரர். அவரைப் பற்றிப் பிறகு பேசலாம். உன் கடிதத்தில் நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. ‘நான் வரும்வரை இருப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.’

ஏன் சொல்வதில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

அவளும் உன்னைப் போல மாணவர் விசாவில் வந்தவள் என்றால், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் அவள் வேலை பார்க்கக் கூடாது. இந்த விதி உனக்கே தெரியும், அதனால்தான் உனக்கும் சரியாக 20 போட்டிருக்கிறார்கள். அவளுக்கும் 20 போட்டிருந்தால், நீ சாப்பிட்டுவிட்டு வரும் அந்த 40 நிமிடம் அவளை எங்கே கொண்டு நிறுத்துகிறது? வேலை நேரத்தைக் குறிக்கும் டைம்ஷீட்டில் உள்ளபடி எழுதினால் அந்த வாரம் 20ஐத் தாண்டுகிறாள். அது விசா விதியை மீறிய வேலை, படிப்பையே பாதியில் நிறுத்திவிடக் கூடியது. எழுதாமல் விட்டால் உனக்காகக் கூலியில்லாமல் உழைக்கிறாள். வேலை பார்த்த நேரத்துக்கெல்லாம் கூலி தர வேண்டும் என்று அந்த நாட்டில் 1938லிருந்து சட்டம் இருக்கிறது. ஆக, அவள் வாய் திறந்தாலும் சிக்கல், திறக்காவிட்டாலும் நஷ்டம். இதைத்தான் யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறாய்.

இன்னொன்றையும் கேட்கிறேன். 4.40க்கு வந்த நாளில் உன் டைம்ஷீட்டில் என்ன எழுதினாய்? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. 4 என்று எழுதியிருந்தால் அவள் நின்ற நேரத்துக்கு நீ காசு வாங்கியிருக்கிறாய். அப்படி இருந்தால் எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றிப் புலம்பும் தகுதி உனக்கில்லை. முதலில் போய் அந்தக் கணக்கைத் திருத்து.

இந்தப் பழக்கம் நூலகத்தில் வந்ததல்ல, வீட்டிலிருந்து நீ கொண்டுபோனது. நம் வீடுகளில் ஆண்பிள்ளை எத்தனை மணிக்கு வந்தாலும் சாதம் போட ஒருத்தி விழித்திருப்பாள். அம்மாவோ அக்காவோ, ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுக்குத் தூக்கம் உண்டு, விடிந்தால் வேலை உண்டு என்பது அவனுக்குத் தோன்றவே தோன்றாது. அதைப் பாசம் என்று சொல்லிச் சொல்லியே மகன்களை வளர்த்துவிட்டோம். பெற்றவர்கள் இதைப் படித்துக் கோபப்பட்டால் படட்டும். ஒருவர் காத்திருப்பதைத் தன் உரிமையாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நாம் கடமையைக் கற்றுக்கொடுக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். நீ கடல் தாண்டிப் போய் அங்கேயும் ஒருத்தியைக் காத்திருக்க வைத்திருக்கிறாய்.

வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறாய், நான் இரக்கப்படுவதற்காக. அந்தப் பத்திரத்துக்கு மரியாதை நீ 4 மணிக்கு டெஸ்க்கில் நிற்பதுதான்.

அந்த டெஸ்க்கைத் தாண்டி யார் நிற்கிறார்கள் என்றும் பார். நூறு டாலருக்கு மேல் விலையுள்ள பாடப்புத்தகத்தை வாங்க முடியாத பிள்ளைகள், ரிசர்வில், அதாவது சில மணி நேரத்துக்கு மட்டும் தருவதற்கென்று, எடுத்து வைத்திருக்கும் ஒரே பிரதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு வாங்கிப் படிக்க வருகிறார்கள். தேர்வு வாரத்தில்தான் அந்த வரிசை நீளும். அந்த வாரம் எல்லோரும் வர வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்வதற்குக் காரணம் அதுதான். சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காவது. உலகம் முழுக்க நூலகவியல் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அந்த மண்ணிலிருந்து போனவன் நீ.

மேற்பார்வையாளரிடம் எதையும் புரியவைக்கத் தேவையில்லை. செமஸ்டர் தொடங்கும்போது உன் வகுப்பு அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதற்கு இடைஞ்சலில்லாமல்தானே 4 மணி ஷிஃப்ட் கொடுத்திருக்கிறார்? மூன்றே காலுக்கு வகுப்பு முடிகிறவனுக்கு முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. காலையிலேயே டப்பாவில் தயிர்சாதத்தை அடைத்துக்கொண்டு போ. வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லி, உன் இடத்துக்கு ஒருவரைப் பேசி வைத்துவிட்டால் எந்த நூலகமும் கோபிப்பதில்லை. சொல்லாமல் நின்றுவிடுவதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை. என்னைக் கேட்டால் ஒரு தடவைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். அவர் எழுதிக் கொடுத்ததோடு விட்டிருக்கிறார்.

இந்த வேலை போனால் வெளியே உணவகத்திலோ பெட்ரோல் பங்கிலோ கைக்காசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. முதலாண்டில் உனக்கு வளாகத்துக்குள்தான் வேலை பார்க்க அனுமதி. பிடிபட்டால் விசா போய்விடும், கடன் மட்டும் வீட்டில் இருக்கும்.

மேற்பார்வையாளரைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பெண்ணைப் பார். அவள் இருந்த கூடுதல் நேரத்தை எப்படிக் குறித்திருக்கிறாள் என்று கேள். அவளுக்குத் தெரியாமல் நீயாகப் போய் மேலே எதையும் சொல்லிவைக்காதே, அது அவள் தலையில் விடியும். மன்னிப்புக் கேள், சுருக்கமாக. பிறகு, தேர்வு வாரத்தில் எந்த நாள் அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டு, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அந்த ஷிஃப்டை நீ எடுத்துக்கொள். அதற்கு ஈடாக உன் ஷிஃப்ட் ஒன்றை வேறு யாரிடமாவது மாற்றிக்கொடுத்துவிடு. உன் கணக்கும் 20க்குள் இருக்க வேண்டும்.